தானாகப் பார்க்கிற கண்ணாடி

பங்கஜவல்லியிடம் ஒரு நூல் இருந்தது. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பது போன்ற தடித்த வெள்ளை நூல், அடிக்கு ஒரு முடிச்சு போட்டது. கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்றதும் அவள் நூலின் ஒரு நுனியைப் பெண்ணின் தோளருகே கொண்டுபோய்ப் பிடிப்பாள். மறுநுனி அவள் புருஷன் தெட்சிணாமூர்த்தியின் கையில் இருக்கும். அவர் முடிச்சுகளை விரலால் தடவி எண்ணி, "ஏழு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேமராவின் லென்ஸில் எழுதியிருக்கும் ஏழுக்கு வளையத்தைத் திருப்புவார். பிறகுதான் படம்.

போட்டோ பிடிக்கிறவர்கள் லென்ஸ் வழியாகக் கண்ணால் பார்த்துத்தான் வளையத்தைத் திருப்புவார்கள். தெட்சிணாமூர்த்திக்கு அது முடியாமல் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வலது கண்ணில் மார்கழிப் பனி மாதிரி ஒரு வெள்ளை. இடது கண் அதற்கும் சுமார். இது அவர்கள் இரண்டு பேருக்கும் சுவாமிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கண் தெரியாத போட்டோக்காரனை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? கேட்டவர்களிடம், "நூல் பிடிச்சா படம் நூல் பிசகாம வருமுங்க" என்று சிரித்துச் சமாளிப்பார். ஊரில் அவருக்குத் தையல்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

பங்கஜவல்லி சுரக்குடிப் பெண். நெல்லும் உளுந்தும் தவிர வேறு தெரியாத குடும்பம். எழுபத்தொன்றில் காரைக்கால் தலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பிள்ளை வரம் கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கேட்டு அம்மையார் சன்னிதியில் அழுவதை ஒருநாள் நிறுத்திவிட்டு, ஸ்டூடியோவுக்கு வந்து கூட மாட வேலை செய்ய ஆரம்பித்தாள். கேமராவைப் பாடி என்பார்கள், லென்ஸை லென்ஸ் என்பார்கள் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அவள் பாடி என்பதை எடுத்துக்கொண்டாள். லென்ஸுக்கு மட்டும் கடைசிவரை கண்ணாடி என்றுதான் சொன்னாள்; கேட்டுக் கேட்டு அவர் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

எண்பத்து நாலில் அந்த நூலுக்கு வேலை போயிற்று.

அவர்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஆல்போன்ஸ் என்று ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். பட்டாளத்தாருக்கு அங்கே சொல்தா என்று பெயர்; ஊரில் சொல்தா ஆல்போன்ஸ் என்றால் தெரியும். சண்டையில் ஏதோ வெடித்து இடது கன்னம் முழுதும் சுருங்கிப் போயிருக்கும். அந்தக் கன்னத்தோடு அவர் எந்தப் படத்துக்கும் நின்றதில்லை. மகள் அனெத் மாதா கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கிய சடங்குக்குக்கூட, "நான் கேமராவுக்குப் பின்னால நிக்கிற ஜாதி" என்று தெட்சிணாமூர்த்தியின் தோள் மேல் கைபோட்டு நின்றுகொண்டார். சம்சாரம் ரோசலிக்கு அதில் ஆறாத குறை. மூத்தவன் ரெனே பாரிசில் வேலையாக இருந்தான். அவன்தான் ஒரு விடுமுறைக்கு வரும்போது, தெட்சிணாமூர்த்தி கேட்டுக்கொண்டபடி, புது விதமான கேமரா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தக் கேமராவின் கண்ணாடி பெரியது. அடிவயிற்றில் தொந்தி மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் நாலு சின்ன பேட்டரி. பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு கண்ணாடி தானே சுற்றும். எதிரில் இருப்பது தெளிவானதும் நின்றுவிடும்.

"பார்த்தியா பங்கஜம்? இதுக்குக் கண்ணே வேணாம்" என்று சொல்லி அவர் அன்று முழுதும் வாசலில் போகிற வருகிறவர்களையெல்லாம் கிர்ர் கிர்ர் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு வருஷம் அந்தக் கண்ணாடி அவருக்குக் கண்ணாக இருந்தது. பங்கஜவல்லி கல்யாண வீடுகளில் விளக்குப் பிடித்தாள், பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். நூலை மட்டும் எறியவில்லை. இடுப்பில் சுருக்குப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

எண்பத்தெட்டு ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது வேண்டுதல்காரர்கள் மாடி மேலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், கீழே ஜனம் முட்டி மோதிப் பிடிக்கும். தெட்சிணாமூர்த்தி கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். யாருடைய பிரார்த்தனையோ, நல்ல கனத்த காய்வெட்டுப் பழம், நேராக வந்து கேமராவில் விழுந்தது. கேமரா கருங்கல் படியில் போய் மோதியது. பொறுக்கி எடுத்துப் பார்த்தால் பாடி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. பேட்டரி போட்டால் உயிர் இருப்பது தெரிந்தது.

"அம்மா கண்ணாடியைக் காப்பாத்திக் குடுத்துட்டா" என்று அவர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பங்கஜவல்லியும் கும்பிட்டாள். அடுத்த மாசம் அனெத்துக்குக் கல்யாணம், மாப்பிள்ளையும் பாரிசுக்காரன்தான். ரெனே வரப்போகிறான். பாடி மட்டும் அவனிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

டெலிபோன் கூண்டில் லைன் கிடைத்தபோது மறுமுனையில் ரெனேவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தெட்சிணாமூர்த்தி கத்தினார். "கண்ணாடி நல்லா இருக்கு தம்பி. பாடி மட்டும் வந்தாப் போதும். ஆமா, பாடி. பாடிய மட்டும் கொண்டாந்துடுங்க."

வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மாள் பங்கஜவல்லியின் கையைப் பிடித்தாள். "பிரான்சுலயாம்மா? எப்படித் தவறிச்சு?"

"கூட்டத்துல கை தவறிடுச்சுங்க. மாங்கனியன்னிக்கு."

"வயசானவங்களா?"

"நாலு வருஷந்தாங்க ஆவுது."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பச்சப் புள்ளையா" என்று கண் கலங்கினாள். பங்கஜவல்லிக்கு விஷயம் விளங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அந்த அம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வீடு வரும் வரை இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று அதைச் சொல்லக்கூடாது, பிறகும் சிரித்தார்கள். ஆனால் அவ்வளவு லேசாக அல்ல.

இதற்குள் ஆல்போன்ஸ் படுத்துவிட்டார். நுரையீரலில் புற்று என்றார்கள். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாமா என்று ரோசலி கேட்டதற்கு, முன்னால் இழுங்கள் என்று சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அனெத்தோடு ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். நின்றுகொண்டு, மெடல் குத்திக்கொண்டு.

ரோசலி இதைச் சொல்ல ஸ்டூடியோவுக்கே வந்தாள். "தெட்சிணா, ஒண்ணே ஒண்ணு. அது போதும் எனக்கு. அவரு மூஞ்சி என் வீட்டுச் சுவத்துல இருக்கணும்."

"எடுத்துருவோம் மதாம்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் ரெனே பாடியைக் கொண்டுவந்தான். அதே கம்பெனி, வந்து ஒரு வருஷம்கூட ஆகாத புது மாடல். தெட்சிணாமூர்த்தி பழைய கண்ணாடியை அதன் வாயில் வைத்துத் திருகினார். டக் என்று உட்கார்ந்தது. சம்பந்தம் முடிந்த மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கடையில கேட்டேன் அண்ணே. பழைய லென்ஸ் இதுக்குப் பொருந்துமான்னு. பொருந்தும்னான். புஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டுருக்கு" என்றான் ரெனே. "இப்பல்லாம் மோட்டாரைப் பாடிக்குள்ளயே வச்சுட்டானாம். தனியா பொத்தான் வேணாம். படம் எடுக்குற பொத்தானைப் பாதி அழுத்தினா அதுவே பார்த்துக்கும்."

தெட்சிணாமூர்த்தி பாதி அழுத்தினார். கேமராவுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் துடித்தது. அவர் கண்ணுக்கு அது பச்சையா சிவப்பா என்று தெரியவில்லை, வெளிச்சம் என்று தெரிந்தது.

"சத்தமே வரலையே" என்றாள் பங்கஜவல்லி.

"புதுசு அண்ணி. சத்தம் போடாது" என்று ரெனே சிரித்தான். "அங்க ரயிலே சத்தமில்லாமதான் போவுது."

பொருந்தும் என்ற ஒரு சொல். ஜாதகக்காரர் அதைச் சொல்லும்போதுகூட எத்தனை பொருத்தம், எது இல்லை என்று நாம் திருப்பிக் கேட்போம். அன்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சுருள் போட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றால், கலர் சுருள் பாண்டிச்சேரிக்குப் போய்க் கழுவி வர வேண்டும். விடிந்தால் கல்யாணம்.

மாதா கோயிலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. வாசலில் உறவுக் கூட்டத்தைப் படிக்கட்டில் நிறுத்தித் தூரத்திலிருந்து எடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்தார்கள். ஆல்போன்ஸைச் சவரம் செய்து, கோட்டு மாட்டி, பின்கட்டுத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் கொல்லையில் தென்னைமரங்கள். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தானாகவே எழுந்தார். அனெத் வெள்ளை உடுப்போடு பக்கத்தில் வந்து நின்றாள். அவர் அவள் தோளில் கை வைத்தார். சுருங்கிய கன்னத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நேராகப் பார்த்தார்.

"என்ன தையல்காரரே, அளவு எடுக்கலையா?"

"இனி நூல் வேணாங்க முசியே. கண்ணாடியே பார்த்துக்கும்."

"அப்ப என் சம்சாரத்துக்குப் பதிலா இதைக் கட்டியிருக்கலாம். அவளும் என்னைப் பார்த்துக்குறா, ஆனா சத்தம் போட்டுக்கிட்டே பார்த்துக்குறா."

ரோசலி அழுதுகொண்டே சிரித்தாள். தெட்சிணாமூர்த்தி கேமராவைக் கண்ணுக்கு வைத்தார்.

பங்கஜவல்லி பக்கத்தில் விளக்கோடு நின்றாள். அவள் பார்வை கண்ணாடி மேல்தான் இருந்தது. அது சுற்றவில்லை. கோயில் வாசலில் நின்றபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நாலு வருஷமாக அது திரும்புவதைப் பார்த்தவள் அவள்.

"என்னங்க, சுத்தலையே" என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உள்ள சுத்தும். சும்மா இரு."

அவள் கை சுருக்குப் பைக்குப் போனது. நூலை எடுத்து நீட்ட ஒரு மூச்சு நேரம் போதும். அந்த வளையத்தில் எண்கள் இன்னும் இருந்தன. ஆனால் எதிரில் பாரிசிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நல்ல உடுப்பில், வரிசையாக. நூலை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவர் மானம் அவள் கையில் இருந்தது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு முறை வெளிச்சம் அடித்தது. ஆல்போன்ஸ் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

படங்கள் பாண்டிச்சேரியிலிருந்து வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் கவர் வந்தது. தெட்சிணாமூர்த்தி பிரித்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தாழ்வாரத்துப் படம் வந்ததும் அவளிடம் நீட்டினார்.

"நல்லா வந்திருக்குல்ல?"

பங்கஜவல்லி பார்த்தாள். வெள்ளையாக ஒன்று, கறுப்பாக ஒன்று, இரண்டும் தண்ணீரில் கரைகிற வெல்லம் மாதிரி நின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவு பூசின மாதிரி ஒரு நிறம். எது சுருங்கிய கன்னம், எது நல்ல கன்னம் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுத்த படமும் அப்படியே.

"என்ன, தெளிவா இல்லையா?"

"தென்னமரம் தெளிவா இருக்குங்க" என்றாள். "ஓலை ஓலையா எண்ணலாம்."

அவர் படங்களைக் கவருக்குள் போட்டார். அன்றே பஸ் ஏறி, நாகூரில் கேமரா ரிப்பேர் செய்கிற கபீரிடம் பாடியையும் கண்ணாடியையும் கொண்டுபோனார். அவளும் கூடப் போனாள். கபீர் கண்ணாடியைக் கழற்றி அதன் பின்பக்கத்தைக் காட்டினார்.

"இதுல மோட்டார் லென்ஸுக்குள்ள இருக்கு. அதைச் சுத்தச் சொல்லி உத்தரவு போடுறது உடைஞ்சுபோன அந்தப் பழைய பாடிதான். இந்தப் புதுப் பாடிக்கு அந்தப் பேச்சு தெரியாது. இதோட மோட்டார் உள்ள இருக்கு, இந்தா இந்தச் சின்ன ஆணி வெளிய வந்து லென்ஸைத் திருப்பணும். உங்க லென்ஸுல ஆணி பிடிக்கிறதுக்கு இடமே இல்ல. மாட்டும், படமும் எடுக்கும். தானா மட்டும் பார்க்காது."

"அப்ப கோளாறு இல்லையா பாய்?"

"ரெண்டுமே நல்ல சாமான். கையால திருப்பி எடுத்தா கண்ணாடி மாதிரி வந்திருக்குமே. ஏன், உள்ள பார்த்தாலே மங்கலாத் தெரிஞ்சிருக்குமே அண்ணே?"

தெட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பங்கஜவல்லி தெருவில் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோசலி வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். ரோசலி படத்தை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னொரு தரம் கழுவினா தெளியாதா தெட்சிணா?"

"தெளியாதுங்க மதாம்." அவர் தோள் துண்டைக் கையில் எடுத்தார். "ரெனே தம்பி கொண்டாந்த பாடிக்கும் நம்ம கண்ணாடிக்கும் பொருத்தம் இல்லீங்க. கபீர் பாய் பார்த்துச் சொல்லிட்டாரு."

சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் அது போய் விழுந்த இடம் வேறு. அனெத் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை நல்லா விசாரிச்சு வாங்கக்கூடாதா? எங்கயோ சல்லிசாக் கெடைச்சதை எடுத்துட்டு வந்துட்ட."

"கேட்டுத்தான் வாங்கினேன். பொருந்தும்னான்."

"அப்பா நின்னாரு. எந்திரிச்சு நின்னாரு உன் கேமராவுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ரெனே தரையைப் பார்த்து நின்றான். தெட்சிணாமூர்த்தி இப்போது சொல்வார் என்று பங்கஜவல்லி காத்திருந்தாள். தம்பி மேல் குத்தம் இல்லம்மா, எனக்குத்தான் கண்ணு தெரியல என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "ரெனே தம்பி பாவங்க."

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லல."

அண்ணனும் தங்கையும் பாரிசுக்கு ஒரே விமானத்தில் போகவில்லை என்று பிறகு ரோசலி சொன்னாள். அங்கே போயும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லையாம்.

அதன் பிறகு தெட்சிணாமூர்த்தி புதுப் பாடியைத் தொடவே இல்லை. பழைய கேமரா ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, நூலைப் பிடித்துக்கொண்டு, வந்த வேலையைச் செய்தார். தினமும் அம்மையார் கோயிலுக்குப் போய்ச் சுற்றினார். முன்பெல்லாம் மூன்று சுற்று. இப்போது அவர் போதும் என்று நினைக்கிற வரை சுற்றினார். பங்கஜவல்லி தூணருகே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் சுவாமியிடம் சொல்ல ஒன்று இருந்தது. பைக்குள் போன கையை வெளியே எடுத்துக்கொண்டது. அவர் மானத்தைக் காத்தேன் என்று நினைத்தாள். செத்துப்போன ஒருவரின் முகத்தை விலையாகக் கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று பிறகு நினைத்தாள்.

மறு வருஷம் வாசற்படி தடுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. தஞ்சாவூரில் ஆபரேஷன். கட்டுப் பிரித்து, சோடாபுட்டி மாதிரி தடித்த கண்ணாடி போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது அந்தப் படத்தைத்தான். ஸ்டூடியோவில் ஒரு பிரதி இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"இவ்வளவா" என்றார். படத்தை மேஜையில் வைத்தார். திரும்ப எடுத்தார். "கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்னு நெனச்சேன் பங்கஜம். நீ ஏன் சொல்லல?"

"சொன்னேங்க."

"தென்னமரம்னுதான் சொன்ன."

அவர் சட்டையை மாட்டினார்.

ரோசலி கதவைத் திறந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்து, "என்ன தெட்சிணா இது" என்றாள். அவர் வாசலிலேயே நின்று சொன்னார். கண்ணில் பல வருஷமாகப் பூ விழுந்திருந்தது, அன்று அவருக்கு எதுவும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் கையால் திருப்பியிருக்கலாம், பாடியும் நல்லது கண்ணாடியும் நல்லது, ரெனே மேல் ஒன்றுமில்லை. சொல்லி முடித்ததும் ரோசலி கதவைப் பிடித்தபடி நின்றாள். திட்டுவாள் என்று பங்கஜவல்லி நினைத்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவன்கிட்ட சொல்லுங்க."

உள்ளே போய் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தாள். பிரான்சுக்குப் பேசி அனுப்புகிற வீடுகளில் எல்லாம் ஒன்று இருக்கும். புதுக் கேசட் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தெட்சிணாமூர்த்தி மைக்கைப் பார்த்துக் கும்பிட்டார். "ரெனே தம்பி, நான் தலத்தெரு தெட்சிணாமூர்த்தி பேசுறேன்" என்று ஆரம்பித்தார். நடந்ததைச் சொன்னார். பங்கஜவல்லி குனிந்து, "தம்பி, கண்ணாடி சுத்தாததை நான் பார்த்தேன். என் கையில நூல் இருந்துச்சு" என்றாள். எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் காக்கை கத்துவதும் அடுப்படியில் தாளிப்பதும் அதில் பதிந்திருக்கும்.

கேசட் யாரோ போகிறவர் கையில் போயிற்று. ரெனேயிடமிருந்து அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. கிறிஸ்துமஸ் கழித்து ரோசலி வழியில் பார்த்தபோது, அனெத்துக்குப் பையன் பிறந்ததற்கு அண்ணன் போய்ப் பார்த்தான் என்று சொன்னாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று பங்கஜவல்லி கேட்கவில்லை.

ரோசலியின் கூடத்தில் இப்போது ஆல்போன்ஸ் இருக்கிறார். பட்டாளத்தில் சேர்ந்த அன்று எடுத்த அடையாளப் படம், பெரிதாக்கிச் சட்டம் போட்டது. அதைப் பெரிதாக்கிக் கொடுத்தவர் தெட்சிணாமூர்த்திதான். இருபது வயது, இரண்டு கன்னமும் வழவழவென்று, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அனெத்தின் பிள்ளை பெரியவனாகி வந்து கேட்டால் அதைத்தான் தாத்தா என்று காட்டுவார்கள். அந்த முகத்தை அனெத்தே பார்த்ததில்லை.